ஒரு புகார் எப்போது தரவாகிறது?

பொத்தான் வடிவக் காந்தங்கள் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளின் மேல்பக்கம் ஒன்று, கீழ்ப்பக்கம் ஒன்று என வையுங்கள். தாளைக் கடந்து இரண்டும் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்ளும். மேலே உள்ளதை நகர்த்தினால் கீழே உள்ளதும் கூடவே வரும். இடையில் சிக்கிய தாள் நெரிபட்டுக்கொண்டே இருக்கும்.

தாளுக்குப் பதிலாக, அங்கே ஒரு குழந்தையின் குடல் சுவர் இருந்தால் என்ன ஆகும்?

அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டு அதுதான் நடந்தது. ‘மேக்னடிக்ஸ்’ என்ற விளையாட்டுப் பொருள் அப்போது குழந்தைகளிடையே மிகவும் பிரபலம். பிளாஸ்டிக் துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டி வீடு, கோபுரம் எனக் கட்டலாம். ஒவ்வொரு துண்டின் முனையிலும் பட்டாணியை விடச் சிறிய காந்தம் பதிக்கப்பட்டிருந்தது. அது கழன்று கீழே விழுந்தால் சிறு குழந்தை கண்டெடுத்து வாயில் போட்டுக்கொள்ளும்.

ஒரே ஒரு காந்தத்தை விழுங்கினால் அது பெரும்பாலும் தானாகவே வெளியேறிவிடும். இரண்டு என்றால்தான் ஆபத்து. குடல் என்பது வயிற்றுக்குள் மடிந்து மடிந்து கிடக்கும் நீண்ட குழாய். ஒரு காந்தம் ஒரு மடிப்பிலும் மற்றொன்று அடுத்த மடிப்பிலும் இருந்தால், இரண்டும் குடல் சுவர்களை நடுவில் வைத்து அழுத்தும். அழுத்தப்பட்ட இடத்திற்கு இரத்தம் போகாது. அங்குள்ள திசு இறந்து ஓட்டை விழும். குடலில் இருக்கும் கிருமிகள் வயிற்றுக்குள் பரவும். சில வேளைகளில் குடலே முறுக்கிக்கொள்ளும்.

இந்த ஆபத்துக்குக் காரணம் 1980களில் உருவான நியோடிமியம் காந்தம். நியோடிமியம், இரும்பு, போரான் ஆகிய மூன்றும் சேர்ந்தது அது. அளவில் மிகச் சிறியது. பிடியிலோ மிகவும் வலியது.

ஆரம்பத்தில் தெரியும் அறிகுறிகள் வாந்தியும் வயிற்று வலியும் மட்டுமே. சாதாரண வயிற்றுக் கோளாறு என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

முன்பே வந்த எச்சரிக்கை

இந்தியானா மாநிலத்தில் பாலர் பள்ளி நடத்திய ஒருவர், 2005ஆம் ஆண்டு அமெரிக்கப் பயனீட்டாளர் பொருள் பாதுகாப்பு ஆணையத்திடம் புகார் செய்தார். அவருடைய பள்ளிச் சிறுவன் இந்தப் பொம்மையிலிருந்து கழன்ற காந்தங்களை விழுங்கி, அவசர அறுவை சிகிச்சைக்கு உள்ளாகியிருந்தான். அந்தப் பொருளைக் கடைகளிலிருந்து அகற்ற வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டார். பொருள் அகற்றப்படவில்லை.

சில மாதங்கள் கழித்து, அதே ஆண்டு நவம்பரில், வாஷிங்டன் மாநிலத்தில் 20 மாதக் குழந்தை ஒன்று இறந்தது. அதன் குடலில் காந்தங்கள் இருந்தன. 2006ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசியில்தான் ஏறத்தாழ 38 லட்சம் பெட்டிகள் திரும்பப் பெறப்படும் என அறிவிக்கப்பட்டது. காந்தங்கள் கழன்றதாக அதற்குள் 34 சம்பவங்கள் ஆணையத்தின் கவனத்திற்கு வந்திருந்தன.

இறந்த குழந்தையின் பெற்றோர் அந்தப் பாலர் பள்ளியின் புகாரைப் படித்திருக்க முடியுமா? முடியாது. பயனீட்டாளர்கள் அனுப்பிய புகார்களை அப்போது பொதுமக்கள் பார்க்க வழியில்லை. ஒரு நிறுவனத்தின் பெயர் தெரியும்படி ஆணையம் எதையும் வெளியிட வேண்டுமானால், முதலில் அந்த நிறுவனத்திற்குத் தெரிவிக்க வேண்டும். தகவல் சரியானதுதானா எனப் பார்க்க வேண்டும். இதைச் சட்டமே வலியுறுத்தியது. அதனால் ஆணையத்திற்குத் தெரிந்த ஆபத்துகூட மக்களுக்குத் தெரியக் காலதாமதமானது.

‘சிகாகோ டிரிபியூன்’ நாளிதழ் 2007ஆம் ஆண்டு இந்த உண்மைகளைத் தோண்டியெடுத்து எழுதியது. பொம்மைகள், கார் இருக்கைகள், தொட்டில்கள் குறித்த அந்தப் புலனாய்வுக்கு 2008இல் புலிட்சர் பரிசு கிடைத்தது.

சேர்த்துப் பார்த்தால் தெரியும்

மாணவர்களே, இதில் ஓர் அறிவியல் பாடம் இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் ஒரே ஓர் அளவீட்டை வைத்து நாம் முடிவுக்கு வருவதில்லை. அது தற்செயலாக இருக்கலாம், பிழையாகவும் இருக்கலாம். பல அளவீடுகளை வரிசையாக அடுக்கும்போதுதான் அவற்றில் உள்ள ஒழுங்கு தெரிகிறது.

புகாரும் அப்படித்தான். “காந்தம் கழன்று விழுந்தது” என்று ஒரு தாய் சொன்னால், குழந்தை பொம்மையை முரட்டுத்தனமாகக் கையாண்டிருக்கும் என்று தள்ளிவிடலாம். வெவ்வேறு ஊர்களில், ஒருவரையொருவர் அறியாத பத்துப் பேர் அதையே சொன்னால் அப்படித் தள்ள முடியாது. ஆனால், அந்தப் பத்துப் புகார்களையும் ஒரே இடத்தில் வைத்து யாராவது பார்க்க வேண்டும். அதிகாரிகள் மட்டும் பார்த்தால், வேலைப் பளுவில் ஒன்றிரண்டு கண்ணில் படாமல் போகலாம். மருத்துவர், பொறியாளர், செய்தியாளர், பெற்றோர் என எல்லோரும் பார்த்தால் தவறவிடும் வாய்ப்பு குறையும்.

2008ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அமெரிக்கா புதிய பாதுகாப்புச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. புகார்களை எவரும் தேடிப் படிக்கக்கூடிய பொதுத் தரவுத்தளம் ஒன்றை அமைக்குமாறு அந்தச் சட்டம் ஆணையத்திற்கு உத்தரவிட்டது. 2011ஆம் ஆண்டு மார்ச் மாதம் ‘சேஃபர் புராடக்ட்ஸ்’ என்ற பெயரில் அது திறக்கப்பட்டது.

அவதூறு வந்தால்?

ஒருவர் வேண்டுமென்றே பொய்ப் புகார் கொடுத்தால் நல்ல நிறுவனத்தின் பெயர் கெட்டுப்போகாதா? தயாரிப்பாளர்கள் எழுப்பிய இந்தக் கேள்வி நியாயமானது. அதனால்தான் தரவுத்தளத்திற்குச் சில விதிகள் வகுக்கப்பட்டன.

பெயரும் தொடர்பு விவரமும் தராமல் புகார் செய்ய முடியாது. ஆனால் அவை பொதுமக்களுக்குக் காட்டப்படமாட்டா. எழுதியது தமக்குத் தெரிந்தவரை உண்மை என்று புகார்தாரர் உறுதி கூற வேண்டும். புகார் நிறுவனத்திற்கு அனுப்பப்படும். பொதுவாகப் பத்து வேலை நாள்கள் கழித்தே வெளியாகும். நிறுவனம் தன் பதிலைப் புகாருக்குப் பக்கத்திலேயே வெளியிடச் செய்யலாம். தகவல் தவறு என்று காட்டினால் ஆணையம் அதைத் திருத்தவோ நீக்கவோ வேண்டும். புகார்களின் உண்மைத்தன்மைக்கு ஆணையம் உத்தரவாதம் தரவில்லை என்ற குறிப்பும் அங்கே இருக்கும்.

இந்த விதிகளும் சோதனைக்கு உள்ளாயின. தன் பொருளைப் பற்றிய ஒரு புகாரை வெளியிடக்கூடாது என்று ஒரு நிறுவனம் 2011இல் வழக்குத் தொடுத்தது. புகார் தவறான எண்ணத்தைத் தரும் என்று ஏற்று, நீதிமன்றம் வெளியீட்டைத் தடுத்தது. அத்தோடு நிற்காமல், நிறுவனத்தின் பெயரையும் வழக்கின் ஆவணங்களையும்கூட மறைத்து வைத்தது. பயனீட்டாளர் அமைப்புகள் மேல்முறையீடு செய்தன. வழக்கை மக்களிடமிருந்து மறைத்தது தவறு என்று 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தவறான புகாரைத் தடுக்கலாம். அது ஏன் தடுக்கப்பட்டது என்பதை மறைக்கக்கூடாது.

எண்ணிக்கை மட்டும் போதாது

புகார்ப் பட்டியலைப் படிப்பவரும் கவனமாக இருக்க வேண்டும். ஒரு கற்பனைக் கணக்கு: ‘அ’ என்ற மின்விசிறிக்கு 20 புகார்கள். ‘ஆ’ என்ற மின்விசிறிக்கு 5 புகார்கள். எது அதிக ஆபத்தானது? ‘அ’ என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். ‘அ’ விற்றது 200,000. ‘ஆ’ விற்றது 5,000. அப்படியானால் ‘அ’வில் 10,000க்கு ஒன்று, ‘ஆ’வில் 1,000க்கு ஒன்று. ‘ஆ’தான் பத்து மடங்கு மோசம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கெட்டுப்போன பொருளைக் குப்பையில் எறிபவர்களே அதிகம். புகார் செய்பவர்கள் குறைவு. செய்தியில் ஒரு பொருளின் பெயர் அடிபட்டால் திடீரெனப் புகார்கள் குவியும். ஆகவே புகார்ப் பட்டியல் “எங்கே தேட வேண்டும்” என்று சொல்லும். “எவ்வளவு ஆபத்து” என்று சொல்லாது. அதை அளக்க வேறு வழி வேண்டும். அமெரிக்க ஆணையம் ஏறத்தாழ 100 மருத்துவமனைகளை மாதிரியாகத் தேர்ந்தெடுத்து, அவசரப் பிரிவுக் காயங்களைக் கணக்கிட்டு நாட்டு நிலவரத்தை மதிப்பிடுகிறது.

அதிலும் ஓர் ஓட்டை இருந்தது. உருண்டைக் காந்தத் தொகுப்புகளுக்கு ஆணையம் 2014இல் கொண்டுவந்த கட்டுப்பாட்டை, அதன் ஆதாரங்கள் முழுமையாக இல்லை என்று கூறி 2016இல் நீதிமன்றம் நீக்கியது. மருத்துவமனைப் பதிவுகள் பலவற்றில் ‘காந்தம்’ என்று இருந்ததே தவிர, எந்தப் பொருளின் காந்தம் என்று இல்லை. புதிய விதி வர 2022 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

உங்கள் கையில் உள்ள பேனா

அந்த ஒரு சொல் பதிவில் இருந்திருந்தால் எவ்வளவு உதவியாக இருந்திருக்கும்! நாளை உங்கள் வீட்டில் மின்னூட்டி புகைந்தாலோ, தம்பியின் பொம்மை உடைந்து கையைக் கிழித்தாலோ, அறிவியல் பாட அறிக்கையைப் போலவே புகாரையும் எழுதுங்கள். பொருளின் பெயர், மாதிரி எண், வாங்கிய கடை, வாங்கிய தேதி, சம்பவம் நடந்த தேதி, என்ன நடந்தது ஆகியவற்றை வரிசையாகக் குறிப்பிடுங்கள். கண்ணால் பார்த்ததை ஒரு பத்தியிலும், காரணம் என்று நீங்கள் நினைப்பதை வேறு பத்தியிலும் எழுதுங்கள். படம் எடுத்து வையுங்கள். உடைந்த பொருளைத் தூக்கி எறியாதீர்கள். அதுதான் முக்கியச் சான்று.

மலேசியாவில் நமக்கு 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சிடம் பெற்றோரின் உதவியோடு புகார் செய்யலாம். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் போன்ற அமைப்புகளும் புகார்களைப் பெறுகின்றன. விளையாட்டுப் பொருள் வாங்கும்போது எம்.சி. முத்திரையையும், மின்பொருள் வாங்கும்போது சிரிம் முத்திரையையும் தேடிப் பாருங்கள்.

இந்தியானாவின் அந்தப் பாலர் பள்ளி நிர்வாகி தம் கடமையைச் சரியாகச் செய்தார். அவர் எழுப்பிய குரல் இன்னொரு வீட்டின் காதில் விழவில்லை. அதற்கு ஒரு குழந்தையின் உயிர் விலையானது.