ஆட்டுப் பண்ணையும் இருதய நோயும்

ஆட்டுக்குச் சினை கலைந்தால் நஷ்டம் பண்ணைக்காரருடையது, ஊராருக்கு அதில் என்ன என்று கேட்கலாம். ஹாலந்து தேசத்துச் சர்க்காரும் சில காலம் இவ்வாறே எண்ணியிருந்ததாகத் தோன்றுகிறது.

2007-ஆம் ஆண்டில் அந்நாட்டின் தென்பகுதியிலுள்ள ஹெர்ப்பன் கிராமத்தில் பலர் ஒருங்கே காய்ச்சலில் வீழ்ந்தனர். அது கியூ காய்ச்சல். 1937-இல் பிரிஸ்பேன் நகரத்துக் கசாப்புச் சாலைத் தொழிலாளரைப் பீடித்த, இன்னதென்று விளங்காத வியாதிக்கு டெரிக் என்னும் வைத்தியர் 'கேள்வி' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தைப் பெயராக இட்டார். கேள்விக்கு விடை கிடைத்த பின்னும் பெயர் நிலைத்துவிட்டது.

இதன் கிருமியாகிய காக்ஸியெல்லா, ஆடு ஈனும்போதும் சினை கலையும்போதும் ஏராளமாய் வெளிப்பட்டுப் புழுதியோடு காற்றில் பரவுகிறது. சுவாசித்தவர்களில் பலருக்கு ஒன்றுமே தெரிவதில்லை; சிலர் காய்ச்சலில் படுத்து எழுந்துவிடுவர். ஆனால் இருதய வால்வு முன்னமே பழுதுபட்டவர் சிலரிடம் அக்கிருமி அவ்வால்வில் குடியேறி, மாதங்களோ வருஷங்களோ கழித்து அதை அரித்துவிடுகிறது. உயிரணுக்களுக்குள்ளேயே அது வாழ்வதால், இரத்தத்தை எடுத்துக் கிருமி வளர்த்துப் பார்க்கும் வழக்கமான சோதனையில் அகப்படாது. இந்நோயாக இருக்கலாமென்று வைத்தியருக்குத் தோன்றித் தனிச் சோதனை செய்தால்தான் உண்டு. அதன் பின்னும் 18 மாதங்களுக்குக் குறையாமல் மருந்துண்ண வேண்டும்.

அங்ஙனம் வைத்தியருக்குத் தோன்றுவதெப்படி? அருகிலுள்ள பண்ணையில் நோய் உண்டென்று அறிந்தாலன்றோ! அந்தத் தகவலைத்தான், பண்ணைக்காரரின் அந்தரங்க உரிமையைக் காரணங்காட்டி, அதிகாரிகள் நெடுநாள் வெளியிடவில்லை. அந்தரங்க உரிமை பெரிதென்பதைச் சட்டம் பயின்ற நாம் மறுக்கவில்லை. ஆனால் வேலி தாண்டி அயலான் மூச்சில் கலந்துவிட்ட புழுதிக்கு அந்தரங்கம் ஏது?

2009-ஆம் ஆண்டில் மட்டும் 2,300-க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். அவ்வாண்டு டிசம்பரில்தான் சினையாடுகளைக் கொல்லத் தொடங்கினர். மாண்டவை 50,000-க்கு அதிகம். மனிதரில், இந்நோயால் காலப்போக்கில் இறந்தோர் 90-க்கு மேல். நடவடிக்கை தாமதித்ததென்று சர்க்கார் நியமித்த குழுவே 2010-இல் கூறிற்று.

நோயாளிகள் வழக்காடினர். 2017-இல் ஹேக் நீதிமன்றம் சர்க்கார் பொறுப்பல்லவென்று தீர்ப்பளித்தது. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். நமக்கு மனம் ஒப்பவில்லை. சர்க்காருக்கும் ஒப்பவில்லை போலும். மறு வருஷம், நஷ்டஈடு என்ற பெயரைத் தவிர்த்து, அனுதாபத்தின் அடையாளமாக ஆளுக்கு 15,000 யூரோ கொடுக்க முன்வந்தது.