திண்ணையில் தைக்கும் கை எந்தக் கணக்கில்?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரக் கிராமங்களில் விடிந்ததும் ஷூ கம்பெனி பேருந்து வந்து நிற்கும். சாப்பாட்டுப் பையோடு பெண்கள் ஏறிப் போவார்கள். கைக்குழந்தை இருப்பவரும், படுத்த படுக்கையான மாமியாரைப் பார்த்துக்கொள்பவரும் ஊரிலேயே தங்கிவிடுவார்கள். அவர்களைத் தேடி வேலையே வீட்டுக்கு வருகிறது. காலணியின் மேல்பாகமான ‘அப்பரை’ ஏஜென்ட் மூட்டையாகக் கொண்டுவந்து போடுகிறார். தடித்த ஊசியால் அதைக் கையால் தைத்துத் தர வேண்டும். ஒரு ஜோடிக்குச் சில ரூபாய்தான் கூலி. இப்படித் தைப்பவர்களில் பெரும்பாலோர் தலித் பெண்களும் ஏழை முஸ்லிம் பெண்களும்தான்.

பாட்டன் காலத்துத் தோல் ஷாப்பு

இந்தத் தொழிலுக்கும் நமக்கும் உள்ள உறவு புதிதல்ல. செத்த மாட்டின் தோலைத் தொடுவது தீட்டு என்று ஊர் ஒதுங்கிக்கொண்டது; அந்த வேலை சேரியின் தலையில் விழுந்தது. நம் பாட்டன்மார் சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோலை ஊறவைத்தார்கள், மயிரும் சதையும் நீக்கினார்கள், ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டார்கள். சுண்ணாம்பு அவர்கள் கைகால்களை அரித்தது. தொழிற்சாலைச் சட்டத்துக்கு வெளியே கிடந்த தொழில்களில் ஒன்றாகத் தோல் பதனிடுதலை 1931இல் விட்லி கமிஷன் அறிக்கை குறிப்பிட்டது.

1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கவனித்தவர் டாக்டர் அம்பேத்கர். ஆண்டு முழுவதும் இயங்கும் ஆலைகளில் வாரத்துக்கு 54 மணி நேரமாக இருந்த வேலை 48 மணியாகக் குறைந்தது அவர் பொறுப்பில் இருந்தபோதுதான். குறைந்தபட்சக் கூலி மசோதாவை 1946 ஏப்ரலில் அவர் கொண்டுவந்தார். 1948இல் அது சட்டமானபோது தோல் பதனிடும் தொழிலும் அதன் பட்டியலில் இருந்தது. பொருளை வாங்கிக்கொண்டு போய் வீட்டில் வேலை செய்து கொடுப்பவரையும் அந்தச் சட்டம் தொழிலாளி என்றே கணக்கில் எடுத்தது. திண்ணையில் தைக்கும் பெண்ணும் அதில் அடக்கம்.

கம்பெனி வாசலோடு நின்ற சட்டம்

1970களில், பாதி பதனிட்ட தோலை அப்படியே ஏற்றுமதி செய்ய மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. அதன்பின் நம் பகுதியில் ஷூ கம்பெனிகள் பெருகின. பண்ணையார் நிலத்தில் கூலிக்குக் காத்திருந்த வீட்டுப் பெண்கள் மாதச் சம்பளம், பி.எப்., இ.எஸ்.ஐ. பார்த்தார்கள். இது சிறிய மாற்றமல்ல.

ஆனால் தொழிலின் ஆபத்து தீர்ந்துவிடவில்லை. 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்துத் தோல் ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் கழிவுச் சேற்றில் சிக்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

திண்ணையில் தைப்பவருக்கோ விடுப்பு இல்லை, போனஸ் இல்லை. விரலில் ஊசி ஏறினாலும், கழுத்தும் கண்ணும் வலித்தாலும் வைத்தியச் செலவு அவருடையது. கம்பெனியைக் கேட்டால் ஏஜென்டைக் காட்டும். ஏஜென்டைக் கேட்டால் கம்பெனியைக் காட்டுவார். வீட்டிலிருந்து வேலை செய்வோருக்காக 1996இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 177ஆவது உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. இந்தியா அதை ஏற்கவில்லை.

நாம் செய்யக்கூடியது

காலணி, தோல் பொருள் மற்றும் தோல் பதனிடும் தொழிலாளர்களுக்குத் தமிழக அரசின் நல வாரியம் இருக்கிறது. 18 முதல் 60 வயது வரை உள்ளவர்கள் பதியலாம். பிள்ளைகளின் படிப்பு, திருமணம், மகப்பேறு, விபத்து ஆகியவற்றுக்கு உதவியும், 60 வயதுக்குப் பின் ஓய்வூதியமும் உண்டு. மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் விவரம் கேட்கலாம்.

படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் அம்மா தைக்கும் வீட்டில் இன்றே ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, எத்தனை ஜோடி, ஜோடிக்கு என்ன கூலி, கொடுத்தவர் யார், பணம் வந்த நாள் எது என்று தினமும் எழுதுங்கள். கம்பெனிப் பதிவேட்டில் அம்மாவின் பெயர் இல்லை. கூலி கேட்டுப் போகும் நாளில், நீங்கள் எழுதிய நோட்டு அவர் கையில் இருக்கட்டும்.