தாத்தாவோட 'யூரின் மாத்திரை'... எது பெஸ்ட்?

ஜீயபுரத்துல இருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்புற அன்னிக்கு மட்டும் காலை மாத்திரையை 'அப்புறம் பார்த்துக்கலாம்'னு ஒதுக்கி வைக்கிற தாத்தா, பாட்டி உங்க வீட்டுலயும் இருக்கலாம். பஸ்ல போகும்போது அவசரம் வந்தா எங்கே இறங்குறது? அவங்க கவலை நியாயமானதுதான். ஆனா, அந்த மாத்திரை சும்மா இல்லை.

இதயத்தோட பம்பிங் குறைஞ்சா, சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் உடம்புலயே தேக்கிடும். கால் வீங்கும், படுத்தா மூச்சு முட்டும். தேங்கின நீரை வெளியேத்தத்தான் இந்த மாத்திரை.

நம்ம ஊர் மருந்துச் சீட்டுல அடிக்கடி வர்றது ரெண்டு பேர். லேசிக்ஸ்னு கிடைக்கிற ஃப்யூரோசெமைட், டைட்டார்னு கிடைக்கிற டார்செமைட். ஃப்யூரோசெமைடை உடம்பு எவ்வளவு உறிஞ்சும்ங்கிறது ஆளுக்கு ஆள், ஏன், ஒரே ஆளுக்கே நாளுக்கு நாள் மாறும். டார்செமைட் 80 சதவிகிதத்துக்கு மேல சீரா உறிஞ்சப்படும், கொஞ்சம் கூடுதல் நேரம் வேலை செய்யும். அதனால இதுதான் உயிரை அதிகம் காப்பாத்தும்னு பல டாக்டர்கள் எதிர்பார்த்தாங்க. அமெரிக்காவுல 60 மருத்துவமனைகள்ல, 2,859 இதயச் செயலிழப்பு நோயாளிகள்கிட்ட ரெண்டையும் ஒப்பிட்டாங்க. 2023-ல ரிசல்ட் வந்துச்சு. இறப்பு ஒரு பக்கம் 26.1 சதவிகிதம், இன்னொரு பக்கம் 26.2. கிட்டத்தட்ட டை! ஆக, பக்கத்து வீட்டுக்காரர் போடுற பிராண்டுக்கு மாறணும்னு துடிக்கத் தேவையில்லை.

மூணாவதா ஒருத்தர் இருக்கார், ஸ்பைரோனோலாக்டோன். நீரை வெளியேத்துறதுல சுமார்தான். ஆனா 1999-ல வெளிவந்த ஆய்வுல, தீவிர இதயச் செயலிழப்பு உள்ளவங்களோட இறப்பு அபாயத்தை 30 சதவிகிதம் குறைச்சது இதுதான்.

இங்கேதான் நம்ம காவிரிக்கரை வாழைப்பழம் உள்ளே வருது. முதல் ரெண்டு மாத்திரையும் ரத்தத்துல பொட்டாசியத்தைக் குறைக்கும், ஸ்பைரோனோலாக்டோன் ஏத்தும். அதிகமா ஏறினா இதயத்துடிப்பே தடுமாறும். வாழைப்பழத்துலயும் இளநீர்லயும் பொட்டாசியம் அதிகம். அதனால 'பழம் சாப்பிடலாமா?'ங்கிற கேள்விக்கு எல்லாருக்கும் ஒரே பதில் கிடையாது. டைட்டார் பிளஸ் மாதிரி சில மாத்திரைகள்ல ரெண்டு மருந்தும் சேர்ந்தே இருக்கும். அட்டையைத் திருப்பி, சின்ன எழுத்தை நீங்களே படிச்சுப் பாருங்க. டாக்டர் சொல்ற நாள்ல பொட்டாசியம், கிரியாட்டினின் டெஸ்ட்டும் எடுத்திடுங்க.

மூட்டுவலிக்குக் கடையில கேட்டு வாங்குற டைக்ளோஃபெனாக், இந்த மாத்திரைகளோட வேலையைக் கெடுக்கும். அதையும் டாக்டர்கிட்ட சொல்லணும்.

பஸ் பிரச்னைக்கு வருவோம். மாத்திரையை விடுறதுக்குப் பதிலா, வெளியூர் போற அன்னிக்கு வீடு திரும்பினதும் போடலாமான்னு டாக்டர்கிட்ட முன்னாடியே கேளுங்க. பலருக்கு 'சரி'ன்னுதான் சொல்வாங்க. தினமும் காலையில பாத்ரூம் போயிட்டு வந்ததும் எடை பார்த்து உங்க போன்ல குறிச்சு வைங்க. மூணு நாள்ல 2 கிலோ ஏறினா, அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்காம உடனே டாக்டருக்கு போன் பண்ணுங்க.