ஆபரேஷனுக்கு 63 ஆயிரம், வீட்ல உக்காந்ததுக்கு 1.6 லட்சம்: அண்ணனோட கணுக்கால் கணக்கு

எமர்ஜென்சி ஃபண்ட் வீடியோவுல "ஆறு மாச செலவைத் தனியா வைங்க"ன்னு சொன்னேன். அந்த ஆறு மாசம் எதுக்குன்னு எனக்கே சரியா புரிஞ்சது 2023-ல, எங்க அண்ணன் வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு ஹால்ல நின்னப்பதான். அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் இதை எழுதுறேன். "எழுதுடா, நாலு பேராவது உஷாராகட்டும்"னாரு.

2013-ல அவருக்கு 24 வயசு. பைக்ல இருந்து விழுந்து வலது கணுக்கால் உடைஞ்சது. பிளேட், ஸ்க்ரூ வச்சாங்க, மூணு மாசத்துல நடந்துட்டாரு, நாங்க எல்லாருமே அதை மறந்துட்டோம். மூட்டு மறக்கல. முழங்கால் தேய்மானம் பெரும்பாலும் வயசானப்புறம் வரும். கணுக்கால் தேய்மானம் அப்படி இல்ல. பழைய எலும்பு முறிவு, திரும்பத் திரும்ப வந்த சுளுக்கு, இதுதான் முக்கியமான காரணம். அதனாலதான் முப்பதுகள்லயே, சம்பளத்தை நம்பி இஎம்ஐ கட்டிட்டு இருக்கிற வயசுலயே வந்து நிக்குது.

அண்ணனுக்கு 2020-ல ஆரம்பிச்சது. காலையில கட்டில்ல இருந்து இறங்குற முதல் பத்து அடி நரகம். அப்புறம் கொஞ்சம் விடும். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு ஃபேக்டரியில குவாலிட்டி வேலை, எட்டு மணி நேரம் நின்னுக்கிட்டே. ஷிஃப்ட் முடியுறப்போ வீக்கத்துல சேஃப்டி ஷூவைக் கழட்டவே முடியாது. படியில நேரா இறங்காம, பக்கவாட்டா ஒவ்வொரு காலா இறங்குவாரு. ஞாயித்துக்கிழமை முழுக்க காலைத் தலகாணி மேல வச்சுப் படுத்திருப்பாரு. சோம்பேறித்தனம்னு நான் கிண்டல்கூட பண்ணியிருக்கேன்.

எக்ஸ்ரேல ஜவ்வு தேஞ்சு எலும்போட எலும்பு உரசுதுன்னு தெரிஞ்சது. முதல்ல மாத்திரை, கணுக்கால் பட்டை, அடிப்பகுதி வளைவா இருக்கிற ஷூ, எடை குறைப்பு, ரெண்டு தடவை ஸ்டீராய்டு ஊசி. ஊசி போட்டா சில வாரம் நல்லா இருக்கும், திரும்ப வரும். இந்த மூணு வருஷச் செலவு கிட்டத்தட்ட 70,000. எல்லாமே ஓபி, அட்மிஷன் கிடையாது. அதனால கம்பெனி இன்ஷூரன்ஸ் ஒரு ரூபா தரல.

கடைசியா டாக்டர் ரெண்டு வழி சொன்னாரு. ஒண்ணு, செயற்கை மூட்டு. அசைவு இருக்கும், ஆனா தேயும், பிற்காலத்துல மறுபடி ஆபரேஷன் வரலாம். இன்னொண்ணு, எலும்பை எலும்போட சேர்த்து ஸ்க்ரூ போட்டு ஒட்ட வைக்கிற ஃப்யூஷன். அந்த மூட்டு அசையாது, ஆனா வலி பெருமளவு போயிடும். பக்கத்து மூட்டுகளுக்கு வருஷக்கணக்குல பாரம் கூடும். வயசும் நின்னு செய்யுற வேலையும் பார்த்து அண்ணனுக்கு ஃப்யூஷன்னு முடிவாச்சு. சிகரெட்டைக் கண்டிப்பா விடணும், இல்லன்னா எலும்பு ஒட்டாம போற வாய்ப்பு அதிகம்னாரு. விட்டாரு.

இப்போ பில்லுக்கு வரேன். மொத்தம் 2,30,000. கம்பெனி குரூப் பாலிசி 3 லட்சம். போதும்னு நினைச்சோம். ஆனா பாலிசியில ரூம் வாடகை ஒரு நாளைக்கு 1 சதவீதம், அதாவது 3,000 ரூபாய்தான். நாங்க எடுத்தது 5,000 ரூபாய் ரூம். நாலு நாள். "கூடுதல் எட்டாயிரம்தானே, நான் கட்டிக்கிறேன்"னு கையெழுத்துப் போட்டது நான்தான்.

அது அப்படி வேலை செய்யாதுங்க. ரூம் லிமிட்டைத் தாண்டினா டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர், மயக்க மருந்து டாக்டர் ஃபீஸ் எல்லாத்தையும் அதே விகிதத்துல வெட்டுவாங்க. மருந்து, இம்ப்ளான்ட், டெஸ்ட் செலவை மட்டும் இப்படி வெட்டக்கூடாது. எங்க பில்லுல வெட்டக்கூடாதது 95,000. மீதி 1,35,000-ல 60 சதவீதம்தான் கிடைச்சது, 54,000 போச்சு. கையுறை அது இதுன்னு இன்னொரு 9,000 கொடுக்கல. ஆக 63,000 கையிலருந்து. எட்டாயிரம்னு நான் போட்ட கணக்குக்கு அண்ணன் இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை சொன்னதில்ல. அண்ணி சொல்லுவாங்க.

ஆனா உண்மையான அடி இது இல்ல. ஃப்யூஷன் பண்ணா எலும்பு ஒட்டுற வரைக்கும் காலைத் தரையில ஊனக்கூடாது. அண்ணனுக்கு ஆறு வாரம் மாவுக்கட்டு, அப்புறம் பூட்ஸ் மாதிரி ஒண்ணைப் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமா நடை. ஆபரேஷன் ஆனது வலது கால், வண்டி ஓட்டவும் முடியாது. திரும்ப வேலைக்குப் போக மூணரை மாசம் ஆச்சு. லீவ் இருந்தது ஒரு மாசத்துக்குத்தான். மீதி ரெண்டரை மாசம் லாஸ் ஆஃப் பே. டேக் ஹோம் 52,000, கணக்குப் போட்டுக்கோங்க: 1,30,000. வீட்டுக்கு வர்ற பிசியோ 20 தடவைக்கு 12,000. செக்கப்புக்குப் போய்வர டாக்ஸி 7,000. வாக்கர், கமோடு நாற்காலி, அந்த பூட்ஸ் எல்லாம் 11,000. மொத்தம் 1,60,000. இதுக்கு நடுவுல இஎம்ஐ 18,400 மாசம் தவறாம பிடிச்சாங்க. வீடு ரெண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அவரைத் தூக்கிட்டுத்தான் ஏத்தினோம்.

இதுல ஒரு வேடிக்கையும் இருக்கு. அவர் லைன்லயே 19,000 சம்பளத்துல ஒருத்தருக்கு இதே ஆபரேஷன் நடந்தா, அவர் இஎஸ்ஐ-ல இருப்பாரு. சம்பளம் 21,000 வரைக்கும் இஎஸ்ஐ உண்டு. தேவையான 78 நாள் சந்தா கட்டியிருந்தா, சிக்னஸ் பெனிஃபிட்னு கூலியில 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் கிடைக்கும். 52,000 வாங்குற எங்க அண்ணனுக்கு அந்தப் பாதுகாப்பு பூஜ்யம். பர்சனல் ஆக்சிடென்ட் பாலிசியில வேலைக்குப் போக முடியாத வாரங்களுக்குப் பணம் தர்ற பிரிவு இருக்கு, ஆனா அது விபத்துக்குத்தான். பத்து வருஷம் கழிச்சு வர்ற தேய்மானத்துக்குத் தராது.

திரும்பிப் பார்த்தா எனக்கு உறுத்துற விஷயம் ஒண்ணு. இது ஹார்ட் அட்டாக் மாதிரி ராத்திரியில வர்ற செலவு இல்ல. டாக்டர் ஒத்துக்கிட்டா தேதியை நாமதான் குறிக்கிறோம். ஆறு மாசம் முன்னாடியே உக்காந்திருந்தா லீவைச் சேர்த்திருக்கலாம். மூணு இஎம்ஐ பணத்தைத் தனியா வச்சிருக்கலாம். திரும்பி வந்ததும் உக்காந்து செய்யுற வேலை கொடுப்பீங்களான்னு ஹெச்ஆர்கிட்ட முன்னாடியே எழுதிக் கேட்டிருக்கலாம். ரூம் லிமிட்டைப் படிச்சிருக்கலாம். வலி தாங்காம ஒரு வாரத்துல அட்மிட் ஆனோம்.

அப்புறம்தான் சொந்த பாலிசி எடுக்கப் போனோம். ஏஜென்ட் சொன்னாரு, "பழைய ஆபரேஷன் எல்லாம் எழுதாதீங்க சார், அஞ்சு வருஷம் போயிட்டா யாரும் கேக்க மாட்டாங்க." அஞ்சு வருஷ விதி நிஜம்தான். தொடர்ந்து 60 மாசம் கட்டினா, மறைச்சதைக் காட்டி க்ளெய்மை மறுக்க முடியாது. ஆனா மோசடின்னு நிரூபிச்சா அது செல்லாது. கால்ல ஸ்க்ரூ இருக்கு, எந்த எக்ஸ்ரே எடுத்தாலும் பளிச்சுன்னு தெரியும், இதைப் போய் மறைக்கிறதா? எல்லாத்தையும் எழுதிக் கொடுத்தோம். கணுக்காலுக்கு மட்டும் மூணு வருஷம் வெயிட்டிங் போட்டாங்க. ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு இப்போ அதுதான் உச்சவரம்பு, 2024-க்கு முன்னாடி நாலு வருஷம்.

உங்க கால்லயும் காலேஜ் காலத்து பிளேட் இருந்தா, அடிக்கடி கணுக்கால் பிரண்டுச்சுன்னா, வலி வர்றதுக்கு முன்னாடியே அந்தக் கடிகாரத்தை ஓட விடுங்க. வேலையை விடுறவங்க கடைசி நாளுக்கு முன்னாடியே, குரூப் பாலிசியில இருந்து அதே கம்பெனியோட தனி பாலிசிக்கு மாற முடியுமான்னு கேளுங்க. ஏற்கெனவே கழிஞ்ச வெயிட்டிங் காலம் கணக்குல சேரும்.

அண்ணன் இப்போ தினமும் மூணு கிலோமீட்டர் நடக்குறாரு. குத்துக்கால் போட்டு உக்கார முடியாது, மத்தபடி சிரிக்கிறாரு. அவரோட வெயிட்டிங் 2027 ஆகஸ்ட்ல முடியுது. அதுவரைக்கும் எந்த ஆஃபர் வந்தாலும் சம்பளத்துக்கு முன்னாடி அவர் கேக்குற கேள்வி ஒண்ணுதான்: "உங்க குரூப் பாலிசியில பழைய நோய்க்கு முதல் நாள்லருந்தே கவர் உண்டா?"