மரத்தளமும் அதன் காப்பும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் கனடாவிலும் வீடுகளின் பின்புறத்தே, தோட்டத்தை நோக்கிப் பலகைகளால் அமைக்கப்படும் மேடையொன்று உண்டு. அதனை அந்நாட்டார் 'டெக்' என்பர். நம் நாட்டுத் திண்ணையேபோல், மாலைவேளையில் வீட்டாரும் விருந்தினரும் கூடி அளவளாவுதற்குரிய இடம் அது. ஆயின், திண்ணைக்குக் கூரை உண்டு; இதற்குப் பெரும்பாலும் இல்லை. வெயிலும் மழையும் பனியும் நேரே அதன்மேல் விழுகின்றன. ஆதலின் அதற்குக் காப்புப் பூசுதல் இன்றியமையாததாகின்றது. அதனை எப்பொழுது, எவ்வாறு பூச வேண்டுமென்பதை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

மரத்திற்குப் பகைவர் இருவர்: ஒருவர் நீர், மற்றொருவர் கதிரவன். மரம் நீரை உண்டு பருக்கும், உலர்ந்து சுருங்கும். இங்ஙனம் பன்முறை நிகழவே, பலகை வெடித்தும் நெளிந்தும் போம். ஈரம் நீங்காதவிடத்துப் பூஞ்சணம் குடிபுகுந்து மரத்தை மக்கச்செய்யும். வெயிலிலுள்ள புறஊதாக் கதிர்களோ, மரநார்களைப் பிணித்து நிற்கும் லிக்னின் என்னும் பொருளைச் சிதைக்கின்றன. புதுப்பலகை நாளடைவில் சாம்பல் நிறமடைவது இதனாலேயாம். நிறமற்ற எண்ணெய் நீரைத் தடுக்குமேயன்றிக் கதிரைப் பெரிதும் தடுக்காது. நிறப்பொடி கலந்த பூச்சே இரண்டனையும் தடுக்க வல்லது. எனவே, நிறமூட்டுதல் அழகின்பொருட்டு மட்டுமன்று.

இனி, பலரும் பிழைசெய்யுமிடம் ஒன்றுண்டு. தளம் புதிதாயிருக்கும்போதே பூசிவிடல் நலமென்று விரைகின்றனர். அங்கே பெரிதும் வழங்குவது பைன் மரம். அது மக்காதிருத்தற்பொருட்டுச் செம்புச் சேர்மங்கள் கலந்த நீரை மிக்க அழுத்தத்தால் அதனுட் செலுத்துவர். ஆகவே, புதுப்பலகை மேலே உலர்ந்ததுபோல் தோன்றினும் உள்ளே ஈரம் நிறைந்திருக்கும். நீர் நிறைந்த நார்களுள் எண்ணெய் புகுவது எங்ஙனம்? அது மேலேயே தங்கிப் பிசுபிசுத்துப் பின்னர் உரிந்துபோம். பொருளும் உழைப்பும் வீணாம்.

மரம் பக்குவமுற்றதா என்றறிய எளியதொரு சோதனை உண்டு. சில துளி நீரைப் பலகையின்மேல் தெளித்துப் பார்க்க வேண்டும். துளிகள் முத்துப்போல் திரண்டு நிற்பின் காத்திருத்தல் வேண்டும். பத்து நிமிடங்களுக்குள் சுவறிவிடின் பூசலாம். இதற்குச் சில வாரங்களும் ஆகலாம். சில மாதங்களும் ஆகலாம். எனினும், பக்குவமான பின்னரும் வாளாவிருத்தல் தகாது. வெயிலாற் சிதைந்த நார்களின்மேல் பூச்சு நிலைபெறாது.

பூசுதற்குமுன் தளத்தைக் கழுவி நன்றாக உலரவிடல் வேண்டும். மழை வாராத நாளில், கடுவெயில் படாத வேளையில், ஒவ்வொரு பலகையையும் ஒருமுனை தொடங்கி மறுமுனைவரை நிறுத்தாது பூசுக. இடையே நிறுத்தினால் தழும்பு தோன்றும். பலகையின் வெட்டுமுனைகள் நீரை மிகுதியாய் உறிஞ்சுமாதலின், அங்கே நிறையப் பூசுக. மரம் உண்ணாது எஞ்சிய எண்ணெயைத் துணியால் துடைத்துவிடுக.

அத்துணியைக் குறித்து ஓர் எச்சரிக்கை. ஆளிவிதை எண்ணெய் போன்றவை உலருங்கால் காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடி வெப்பத்தை உண்டாக்கும். துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால், அவ்வெப்பம் வெளியேற வழியின்றித் தானே தீப்பற்றும். வீட்டை அழகுசெய்யப் புகுந்தவர் வீட்டையே இழத்தலுங்கூடும். ஆதலின் அதனை வெளியே விரித்து உலர்த்துதல் வேண்டும். அன்றேல் நீர் நிறைந்த உலோகக் கலத்திலிட்டு மூடிவைத்தல் வேண்டும்.

பூச்சு என்றும் நிலைப்பதன்று. இரண்டு மூன்று ஆண்டுகளில் புதுப்பித்தல் நேரும். அக்காலத்தை அறிவிப்பதும் முற்கூறிய நீர்த்துளியே. பூசுமுன் அது மரத்துட் புகுதல் வேண்டும். பூசியபின் புகாது நிற்றல் வேண்டும். மீண்டும் புகத் தொடங்கின், மீண்டும் பூசுங் காலம் வந்ததென்றறிக.