கணிப்பொறியும் கரிக்கணக்கும்

திருத்தணி மலைமீது நின்று கீழே நோக்குவோர்க்கு நெல்வயல்களும், ரேணிகுண்டா செல்லும் இருப்புப்பாதையும், திருப்பதியை நோக்கி விரையும் ஊர்திகளும் தென்படும். நீர் தேங்கிய வயற்சேற்றில் காற்றின்றி வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. ஊர்திகள் கரியமில வாயுவை உமிழ்கின்றன. இத்தகைய எண்ணற்ற மூலங்களின் கூட்டுத்தொகையே ஒரு நாட்டின் பசுங்குடில் வாயு வெளியீடு எனப்படுகிறது. வருங்காலத்தில் அத்தொகை எவ்வளவாகும் என்பதை இயந்திரக் கற்றலின் துணையால் முன்னறிய ஆய்வாளர் பலர் முனைந்துள்ளனர்.

இது ஏட்டளவிலான ஆர்வமன்று. உள்நாட்டு உற்பத்தியின் ஓர் அலகுக்கு வெளியாகும் வாயுவின் அளவை, 2005ஆம் ஆண்டோடு ஒப்பிட 2030க்குள் 45 சதவீதம் குறைப்பதாக 2022இல் இந்தியா உறுதி கூறியது. முன்கணிப்பு மிகையானால் வேண்டாத கட்டுப்பாடுகள் உழவர்மீதும் சிறுதொழில்மீதும் விழக்கூடும். குறைவானால் செய்ய வேண்டியன செய்யப்படாமற் போகும்.

இயந்திரக் கற்றல் என்பது பழைய தரவுகளைக் கணிப்பொறிக்குக் காட்டி, அவற்றிடையே உள்ள உறவை அதுவே கண்டறியுமாறு விடுவதாகும். ‘அல்காரிதம்’ என்னும் சொல் ஒன்பதாம் நூற்றாண்டின் பக்தாத் அறிஞர் அல்-குவாரிஸ்மியின் பெயரினின்று பிறந்ததை வாசகர் அறிவர். அவர் வகுத்த விதிகளைப் படிப்படியாகக் கையால் சரிபார்க்கலாம். இன்றைய நரம்பு வலைப்பின்னலோ விடையைத் தரும். அதற்கான காரணத்தை எளிதில் தருவதில்லை.

இங்கே முதல் இடர் தரவின் வறுமை. ஐ.நா. காலநிலை அமைப்புக்கு இந்தியா அளித்த முதல் அறிக்கை 1994ஆம் ஆண்டையும், இரண்டாவது 2000ஆம் ஆண்டையும் பற்றியது. பின்னர் 2010, 2014, 2016, 2019, 2020 ஆகிய ஆண்டுகளுக்கான கணக்குகள் வந்தன. கோடிக்கணக்கான படங்களைக் கண்டு பூனையை அறியும் இயந்திரத்துக்கு இது கைப்பிடித் தவிடு. சில எண்களை மட்டும் பயின்ற இயந்திரம், பாடத்தை உருப்போட்ட மாணவனைப் போல, புதிய வினாவில் தடுமாறும்.

எனவே ஆய்வாளர் பன்னாட்டு நிறுவனங்களின் ஆண்டுவாரி மதிப்பீடுகளை நாடுகின்றனர். இங்கேதான் நாம் நின்று சிந்திக்க வேண்டும். அவற்றின் பெரும்பகுதி புகைபோக்கியில் அளந்ததன்று. எரித்த நிலக்கரி, பெட்ரோலியம் ஆகியவற்றின் அளவை ஒரு குணகத்தால் பெருக்கிப் பெற்றது. அதே எரிபொருள் அளவை உள்ளீடாகத் தந்து வாயுவின் அளவைக் கேட்டால், மதிப்பீட்டாளர் பயன்படுத்திய பெருக்கலையே இயந்திரம் திருப்பிச் சொல்லும். ‘99 சதவீதத் துல்லியம்’ என்ற முழக்கம் பல வேளைகளில் இவ்வளவே! 2030ஐ அறிய வேண்டுமெனில், அவ்வாண்டில் எவ்வளவு நிலக்கரி எரியும் என்பதை முதலில் அறிந்தாக வேண்டும். அதுவோ ஆட்சியாளர் முடிவையும் சந்தையையும் பொறுத்தது.

காடுகள் ஈர்த்ததைக் கழிக்காமல், 2019இல் ஏறத்தாழ 313 கோடி டன்னாக இருந்த இந்தியாவின் வெளியீடு, 2020இல் 296 கோடியாகத் தாழ்ந்தது. பெருந்தொற்றின் முடக்கத்தை எந்தப் பழைய வரிசை அறிந்திருக்கும்?

மாநில அளவில் வேறொரு சிக்கலுண்டு. ஆந்திரத்திலிருந்த திருத்தணி, 1960 ஏப்ரல் முதல் நாள் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அன்று மாநிலவாரிக் கரிக்கணக்கு இருந்திருப்பின் ஒரு பக்கம் ஏறியும் மறுபக்கம் இறங்கியும் காட்டியிருக்கும். வயலிலோ புகையிலோ மாற்றமில்லை. 2014இல் தெலங்கானா பிரிந்தபோது இது கற்பனையாக இல்லை. சட்டம் அறியாத இயந்திரம் எல்லைக்கோட்டைப் புகையென்றே கொள்ளும்.

நம் கருத்தில், இக்கருவி வருவதுரைப்பதைவிட நிகழ்வதை அளப்பதிலேயே பெரிதும் பயன்படும். மேகத்தை ஊடுருவும் ரேடார் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு, எந்த வயலில் எத்தனை நாள் நீர் நின்றது என்பதைப் பயிற்சி பெற்ற இயந்திரம் பகுத்துரைக்க இயலும். இடையிடையே நீர் வடியும் வயலில் மீத்தேன் கணிசமாகக் குறையும். ஏரி நிரம்பிய ஆண்டில் திருத்தணிப் பக்கத்து வயல்கள் நீரிலேயே நிற்கும். ஏரி வற்றிய ஆண்டில் காய்ந்து காய்ந்து நனையும். பயிர்ப்பரப்பை மட்டும் கொண்டு போடும் கணக்கில் இவ்விரண்டும் ஒன்றே.