வாளிக்குள் எமன்! ஹீட்டர் ராடு வைத்திருப்போர் உஷார்!!

சென்னை:
மார்கழிப் பனி இறங்கினால் போதும். பிளாட்பாரக் கடைகளில் ஹீட்டர் ராடு கொத்துக் கொத்தாகத் தொங்க ஆரம்பித்துவிடும். கீசர் வாங்க வசதி இல்லாத குடும்பம், சுவரில் துளை போட விடாத வீட்டுக்காரரிடம் மாட்டிக்கொண்டவர்கள், திருவல்லிக்கேணி மேன்ஷன் பேச்சிலர்கள் - எல்லோருக்கும் கைகொடுப்பது இந்த ராடுதான்.

ஆனால், "மின்சாரம் தாக்கி பலி" என்று மூலையில் வருகிற நாலு வரிச் செய்திகளில் இந்த வாளியும் அடிக்கடி தலைகாட்டுகிறது. நடப்பது பெரும்பாலும் ஒன்றேதான். "சூடாயிடுச்சா?" என்று பார்க்க, சுவிட்சை அணைக்காமல் விரலை விடுகிறார்கள். அவ்வளவுதான்!

உப்புத் தண்ணீர்

நேற்று வரை சும்மா இருந்த ராடு இன்று ஏன் அடிக்கிறது?

நகரில் பல வீடுகளில் போர் தண்ணீர். உப்பு. அது சுருள் மேல் வெள்ளையாகப் படிகிறது. படிந்த இடத்தில் சூடு வெளியே போக வழியில்லாமல் உள்ளுக்குள்ளேயே காய்ந்து, கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விடுகிறது. அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே போகிறது. கரண்ட் வெளியே வருகிறது. தண்ணீர் இல்லாத வாளியில் ராடைப் போட்டாலும் இதே கதிதான்.

தடித்த கால்

இப்படிக் கசியும் கரண்டைத் தரைக்கு இழுத்துப்போகவே பிளக்கில் தடித்த கால் இருக்கிறது. அதுதான் எர்த்து. நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? போர்டில் இரண்டு ஓட்டைதான் என்று இரண்டு கால் பிளக்கை மாட்டிவிடுகிறார்கள். ஒயரை அப்படியே சொருகி, தீக்குச்சி வைத்து அடைக்கிற தைரியசாலிகளும் உண்டு!

"எம்.சி.பி. விழுந்துடுமே" என்பது தப்புக்கணக்கு. 16 ஆம்பியர் எம்.சி.பி., அதற்கு மேல் கரண்ட் போனால்தான் விழும். ஆள் உயிர் போக அதில் நூறில் ஒரு பங்குகூட வேண்டாம். காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. என்ற கருவி. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மெயினைத் தட்டிவிடும். பல பழைய வீடுகளில் இது கிடையாது. இருக்கிறவர்களும் அதிலுள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். விழவில்லையா? இருந்தும் பிரயோஜனமில்லை, மாற்றுங்கள்.

வாங்கும்போது

1,500 வாட் ராடு ஆறரை ஆம்பியர் இழுக்கும். சாதாரண 6 ஆம்பியர் பாயிண்ட் தாங்காது, பிளக் உருகும். 16 ஆம்பியர் பவர் பாயிண்ட் இல்லாத வீட்டுக்கு 1,000 வாட் போதும். கொஞ்சம் நேரம் ஆகும், ஆகட்டுமே!

ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரைக்கு மேலே ஐ.எஸ். 368 என்றும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் லைசென்ஸ் எண்ணும் இருக்கும். அந்த எண்ணை "பி.ஐ.எஸ். கேர்" செல்போன் செயலியில் போட்டால் அசலா போலியா என்பது தெரிந்துவிடும். முத்திரையை மட்டும் அச்சடித்து எண்ணை விட்டுவிட்ட சரக்கை, கடைக்காரர் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

இரும்பு வாளி கூடவே கூடாது. கோடு போட்ட அளவுக்குத் தண்ணீர், அதில் ராடு, பிறகுதான் சுவிட்ச். எடுக்கும்போது சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கி, சற்றுப் பொறுத்துத்தான் கை வைக்க வேண்டும். படிந்த உப்பை, ஆறிய ராடின் சுருளை மட்டும் வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைத்து எடுக்கலாம். வெடிப்போ கருகலோ தெரிந்தால் ரிப்பேர் பேச்சே வேண்டாம், குப்பைதான். "லேசா சுர்ருங்குது" என்றாலும் அப்படியே.

யாருக்காவது அடித்துவிட்டால், பதறிப்போய் ஆளைத் தொடாதீர்கள். தொட்டவரையும் சேர்த்து இழுக்கும். முதலில் மெயினை அணைக்க வேண்டும். மெயின் எட்டாத இடத்தில் இருந்தால், காய்ந்த தரையில் நின்றுகொண்டு காய்ந்த கட்டையால் ஆளைத் தள்ளிவிட வேண்டும். உடனே 108-க்கு போன். மூச்சு இல்லை என்றால், வண்டி வரும் வரை நடுநெஞ்சை இரு கைகளாலும் வேகமாக அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.